சட்டைப் பொத்தானும் ஒரு பாடந்தான்

(பரிசளிப்பு விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், வேலை முடிந்து, குளித்தும் குளிக்காமலும் இங்கே ஓடி வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே!

பரிசு வாங்கிய பிள்ளைகளைப் பாராட்டிப் பேசப் பல பேர் இருக்கிறார்கள். எனக்குக் கால் மணி நேரம் தருவதாகத் தலைமையாசிரியர் சொன்னபோது, பரிசு மேசைப் பக்கமே வராத சில பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேனே என்று கேட்டுக்கொண்டேன். அவரும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். சிறியேன் படித்தது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வரைதான். மருத்துவம் படித்தவள் அல்லேன். ஆகையால் நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. வைத்தியம் நம் வாசலுக்கு வர நாம் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

எந்தப் பள்ளிக்கூடத்திற்குப் போனாலும் இப்படிச் சில பிள்ளைகளைக் காணலாம். ஒரு பையன் வாயைத் திறந்தால் மடை திறந்த மாதிரி பேசுவான். பென்சிலைக் கையில் கொடுத்தால் ஒரு வரி ஏறாது. இன்னொரு பெண்பிள்ளை, மணி அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடும். ஒருவன் புதுச் சட்டை போட்டால் கழுத்துப் பின்னால் தைத்திருக்கும் துணித்துண்டு குத்துகிறது என்று அழுவான். மற்றொருவன் ஐந்து நிமிடம் நாற்காலியில் தங்கமாட்டான். இவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் உங்களுக்கே தெரியும்: மக்கு, அடங்காப்பிடாரி, செல்லம் கொடுத்துக் கெட்டது. மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் வேறு: ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா என்று பல உண்டு. இப்படிப்பட்ட எல்லாரையும் சேர்த்து, மூளையும் நரம்பும் வேறு விதமாய் அமைந்தவர்கள் என்று சொல்லும் வழக்கம் 1990களின் பிற்பகுதியில் தோன்றியது. எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. அதில் ஏச்சு இல்லை.

இதில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "வயித்துல இருக்கும்போது கிரகணத்தைப் பார்த்தா, அதான்" என்று மாமியார் சொல்வதும், சாமி குற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும் நம் லயத்தில் மட்டும் நடக்கிற காரியம் என்று எண்ணாதீர்கள். தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேல்நாட்டில் படித்த மருத்துவர்களே 1950களிலும் 60களிலும் சொல்லி வந்தார்கள். பிறகு அந்தக் கருத்து தவறென்று தள்ளப்பட்டது. நம் அம்மாக்கள் அந்தச் சுமையை இன்னமும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. நானும் போகிறவள்தான். கிளினிக்குக்கும் போங்கள் என்கிறேன்.

சரி, இந்தப் பிள்ளைகளுக்கு உதவுகிறவர்களில் ஒரு வகையினரைப் பற்றி இன்று பேசுகிறேன். ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பலகையில் 'பெமூலிஹான் சாரா கெர்ஜா' என்று எழுதியிருக்கும். வாய்வழக்கில் ஓ.டி. தமிழில் தொழில்சார் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ஓர் அப்பா என்னிடம், "ஏன் டீச்சர், ஆறு வயசுப் பயலுக்கு என்ன தொழில் கத்துக் கொடுக்கப் போறாங்க? குலை வெட்டவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே தொழில் என்றால் சம்பள வேலை அன்று. ஒரு மனிதன் தன் நாளைக் கழிக்கச் செய்கிற காரியம் எல்லாம் தொழில். குழந்தைக்கு விளையாடுவது தொழில். பல் விளக்குவது, சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பது, கால்சட்டை போடுவது, கக்கூசுக்குப் போய்த் தானே கழுவி வருவது, வரிசையில் நிற்பது, எழுதுவது எல்லாம் தொழில்தான். அதில் எந்தக் காரியம் பிள்ளைக்கு முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று கண்டு, முடிய வைப்பதே இவர்கள் வேலை.

இந்தத் துறை பிறந்த கதை நம்மைப் போன்றவர்களுக்குத் தெம்பு தரக்கூடியது. அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். காசநோய் வந்தது, பாதத்தில் அறுவை நடந்தது, அதன்பின் உடம்பின் இடப்பக்கம் செயலிழந்தது. அவர் தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து செய்தே தம்மைத் தேற்றிக்கொண்டார். 1914-இல் நியூயார்க் மாநிலத்தில் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டையே நிலையமாக்கி, 'ஆறுதல் இல்லம்' என்று பொருள்படப் பெயரிட்டு, பிறருக்கும் அதே வழியைக் காட்டத் தொடங்கினார். 1917 மார்ச்சில் அதே வீட்டில் ஆறு பேர் கூடி இந்தத் துறைக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். கூடியது ஆறே பேர், அதுவும் ஒரு சிற்றூர் வீட்டில்! நம் ஆயாக் கொட்டகை அதைவிடப் பெரியதாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயாக் கொட்டகை விஷயத்திற்குப் பிறகு வருகிறேன்.

இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை. நாம் என்ன செய்வோம்? காலை அவசரத்தில் நாமே போட்டுவிடுவோம். கொஞ்சம் பொறுமை இருந்தால் மேல் பொத்தானிலிருந்து ஆரம்பித்துக் கற்றுக்கொடுப்போம். இரண்டாவது பொத்தானிலேயே அவனுக்கும் அழுகை, நமக்கும் கோபம். சிகிச்சையாளர் இதைத் தலைகீழாகச் செய்வார். எல்லாப் பொத்தானையும் தாமே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைப் பாதித் துளைவரை நுழைத்துவிட்டு, "இப்போ நீ இழு" என்பார். பிள்ளை இழுப்பான், சட்டை போட்டு முடிந்துவிடும். முடித்தவன் அவன். மறுநாளும் அதுவே. அது கைவந்தபின் கடைசிப் பொத்தான் முழுதும் அவனுடையது. பிறகு கடைசி இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். வாரக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். ஒவ்வொரு நாளும் வேலை அவன் கையில்தான் முடிகிறது. கால்சட்டை, காலுறை, செருப்பு வார் எல்லாவற்றிற்கும் இந்த முறை பொருந்தும். இதற்கு மிஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம்.

எழுத வராத பிள்ளைக்கும் கையெழுத்து நோட்டை முதலில் நீட்டமாட்டார்கள். கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கை ஆடும். ஒரு மரக்கட்டையோ உறுதியான பால் டின்னோ காலடியில் வைத்தால் பாதிச் சண்டை தீரும் பிள்ளைகளும் உண்டு. நீளப் பென்சிலுக்குப் பதில் கட்டைவிரல் நீளத் துண்டுப் பென்சில் கொடுப்பார்கள். சின்னத் துண்டை உள்ளங்கையால் பிடிக்க முடியாது, விரலால்தான் பிடித்தாக வேண்டும். தீர்ந்துபோன பென்சிலைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் சொல்வது கஞ்சத்தனத்தால் அன்று! சுவரில் சாக்குக்கட்டியால் எழுத வைப்பார்கள். மணிக்கட்டுக்கு அது நல்லது. பயறு பொறுக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது, கோலமாவு எடுப்பது எல்லாம் விரலுக்குப் பயிற்சிதான். ஐந்தாங்கல்லையும் பல்லாங்குழியையும் ஒழித்துவிட்டுக் கைத்தொலைபேசியைக் கொடுத்தோம் என்பது என் தனிப்பட்ட மனத்தாங்கல்.

சத்தம், தொடுதல், ஆட்டம் இவற்றை உடம்பு எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர் ஜீன் ஏர்ஸ் அம்மையார். 1920-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அவரும் தோட்டத்துப் பெண்தான். வால்நட் மரத் தோட்டத்தில் வளர்ந்தவர். 1972-இல் இதுபற்றிப் பெரிய நூல் எழுதினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டோரன்ஸ் நகரில் சொந்தச் சிகிச்சை நிலையமும் தொடங்கினார். ஊஞ்சல், மெத்தை, வலை என்று இன்று இத்தகைய நிலையங்களில் காணும் சாமான்கள் பெரும்பாலும் அவர் வழியில் வந்தவையே. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊஞ்சல் ஆட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த முறைக்கு ஆராய்ச்சிச் சான்று இன்னும் போதாது, பெற்றோருக்கு அதைத் தெரிவியுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் அறிக்கை விட்டது. நல்ல சிகிச்சையாளர் ஊஞ்சலோடு நிற்கமாட்டார். "அம்மா, வீட்டில் எந்த வேலை உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டு, அதையே குறியாக வைத்து, சில வாரம் கழித்து முன்னேற்றம் உண்டா என்று கணக்குப் பார்ப்பார். "ஐம்பது தடவைக்கு முன்பணம் கட்டுங்கள், ஆட்டிசம் போய்விடும்" என்பவர் சிகிச்சையாளர் அல்லர், வியாபாரி. ஆட்டிசம் போகிற சாமான் அன்று. பிள்ளைக்கு நாள் லேசாகும், வீட்டுக்கும் லேசாகும். அதுவே பெரிய காரியம்.

இனி நம் விஷயம். இதே பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பெண், இந்தத் துறையில் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் சில ஆண்டு வேலை பார்த்தவள், இப்போது நம் பட்டணத்தில் சொந்தமாக நிலையம் தொடங்குகிறாள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் அப்பா இன்றைக்கும் நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்.

நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்டேன். ஒரு சம்பவத்தைச் சொன்னாள். ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் மலாயில் "மானா ஹிடோங்?" என்று கேட்டார்களாம். பிள்ளை விழித்தது. தெரியவில்லை என்று தாளில் குறித்தார்கள். அவள் உள்ளே வந்து "மூக்கு எங்கேடா கண்ணா?" என்றதும் மூக்கைத் தொட்டுக் காட்டியதாம். கேட்டவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நம் வீட்டு மொழி தெரிந்தவர் அந்த அறையில் இருந்தால் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது சரியாகத் தெரியும். அதற்காகத்தான் வந்தேன் என்றாள்.

இப்படி ஒரு நிலையம் தொடங்குவது கடை திறப்பது போல அன்று. 2016-இல் இயற்றப்பட்டு 2020-இல் நடைமுறைக்கு வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி இவர்கள் மன்றத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தொழில் செய்யச் சான்றிதழ் வேண்டும். நீங்களும் எந்த நிலையத்துக்குப் போனாலும் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நகராட்சி லைசன்ஸ் தனி. இடம் கீழ்த்தளமாக இருக்கவேண்டும். மாடிப்படியில் ஓடும் பிள்ளையை யார் பிடிப்பது? மின்விசிறி கடகடவென்று சத்தம் போடக்கூடாது, சுவரில் கண்ணைப் பறிக்கும் சாயம் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் எழுத்து வேலை. ஆகவே நாளுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்குமேல் ஒருவரால் பார்க்க இயலாது. வருமானம் அதற்குள்ளேதான். கடை வாடகையோ ஐந்தாறு பிள்ளையா ஐம்பது பிள்ளையா என்று பார்ப்பதில்லை.

நம் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். தனியார் நிலையங்களில் ஒரு தடவைக்கு நூறு வெள்ளிக்குமேல் கேட்பது உண்டு. 120 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு தடவைக்கு 480 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. கால் பங்குக்குமேல் ஒரு பிள்ளைக்கே போய்விட்டால் மற்ற பிள்ளைகள் என்ன சாப்பிடுவது? அதனால் நாமும் அவளும் பேசி ஒரு வழி கண்டோம். பட்டணத்து நிலையம் ஒரு பக்கம் நடக்கட்டும். மாதம் இரண்டு சனிக்கிழமை இங்கேயே வருவாள். மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக் குழுவாகப் பார்ப்பாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைக்கு 20 வெள்ளி. அவள் இலவசம் என்றுதான் சொன்னாள். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். இலவசத்துக்கு மழை பெய்தால் யாரும் வரமாட்டார்கள். காசு கொடுத்தவர் குடை பிடித்து வருவார். அவளும் கடன் அடைக்க வேண்டும் அல்லவா?

அரசாங்க வழியை விட்டுவிடாதீர்கள். சுகாதாரக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்விகள் கேட்பார்கள். "எல்லாம் சரியா இருக்கு மிஸ்ஸி" என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரிடம் ஐந்து வெள்ளி. நேரம் அதிகம் ஆகும், ஒருநாள் சம்பளம் போகும், அறிவேன். ஆனால் மருத்துவர் கடிதம் அங்கேதான் கிடைக்கும். அந்தக் கடிதத்தோடு சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்குப் பதியலாம். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா எல்லாம் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. 2019 முதல், குறைபாட்டைக் காட்டி எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு நிலையங்களும் உண்டு. 1984-இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவியவை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

இப்போது ஆயாக் கொட்டகை. கோயிலுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே திருவிழா நாற்காலிகள். கோயில் கமிட்டியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமைகளில் திறந்துவிடத் தடையில்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தடை நம்மிடமே இருக்கிறது. "அந்த மாதிரிப் பிள்ளைங்க வர்ற எடம்னு பேரு வந்துடும் டீச்சர். மூத்த பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்று ஒரு தாய் என்னிடம் அழுதார். அவர் பயம் பொய்யான பயம் அன்று. லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் பத்தாவது வீட்டில் கேட்கும். ஆனால் அந்தப் பிள்ளை வித்தியாசமாய் இருப்பது லயத்துக்கு ஏற்கெனவே தெரியும், அம்மா. தெரியாதது, அவனுக்கு என்ன செய்யலாம் என்பதுதான். அந்த அறையில் பேசுவது அறையை விட்டு வெளியே போகாது என்று அவள் எழுத்திலேயே தருகிறாள். பலகை வைக்கப்போவதும் இல்லை. கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளும் விளையாட ஒரு மணி நேரம் தனியாக வைப்போம் என்றும் பேசியிருக்கிறோம். அப்புறம் யார் எதற்கு வந்தார்கள் என்று யார் எண்ணிக்கொண்டிருப்பது?

ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பு. பிள்ளையை விட்டுவிட்டு வெளியே நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, வீட்டில் பிள்ளையைப் பார்ப்பவர் உள்ளே உட்கார வேண்டும். மாதம் இரண்டு மணி நேரத்தில் அவளால் என்ன செய்துவிட முடியும்? மீதி நாள்களில் காலையில் பத்து நிமிடம் நீங்கள் செய்வதே சிகிச்சை. அப்பாமார்களும் வரவேண்டும். மகன் பந்து உதைத்தால் பார்க்கப் போகிறோம், பொத்தான் போட்டால் பார்க்கக் கூடாதா?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. டாக்டர், லாயர் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள், மகிழ்ச்சி. இந்தத் துறையையும் நினைவில் வையுங்கள். மூன்று ஆண்டு டிப்ளோமா உண்டு, நான்கு ஆண்டுப் பட்டமும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், அறிவியல் நன்றாக இருக்கவேண்டும். தமிழை விட்டுவிடாதீர்கள், மூக்கு எங்கே என்று கேட்க அது வேண்டும். அதுவரை, உங்கள் வகுப்பில் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையின் அருகில் போய்க் கத்தி விளையாடாதீர்கள்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாற்காலிகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றுகிறோம். ஏணி ஒன்றும் ஆணி அடிக்கத் தெரிந்த இரண்டு பேரும் வேண்டும். ஊஞ்சல் கட்டுமுன் உத்திரத்தைக் கறையான் அரித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கையெழுத்துத் தாள் மேசையில் இருக்கிறது. பெயர் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் பலர் முன்னால் கொடுக்க வேண்டாம்; பள்ளி முடிந்து என்னிடம் தனியே சொன்னால் போதும். முதல் சனிக்கிழமை வருகிறவர்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தையும் தினமும் போடும் சட்டை ஒன்றையும் கொண்டு வாருங்கள். தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டை வேண்டாம். பழையது போதும், பொத்தான் துளை அதில்தான் தளர்ந்திருக்கும்.